எட்டுக் காகிதங்களில் அக்கா பெயர்

விசாவுக்கு என்று ராமமூர்த்தி சார் கொடுத்த பட்டியலில் ஒன்பது காகிதங்கள் இருந்தன. பாஸ்போர்ட், அழைப்புக் கடிதம், கம்பெனி கடிதம், லீவு கடிதம், சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், பி.எஃப். விவரம், மருத்துவ இன்ஷூரன்ஸ், போட்டோ. முதல் எட்டிலும் என் அக்கா பெயர் வரும். ஒன்பதாவதில் மட்டும்தான் நான் வருவேன். அதுவும் வெள்ளைப் பின்னணியில், காது இரண்டும் தெரிய, சிரிக்காமல்.

சிரிப்பு எங்கே வருகிறது!

என் பெயர் வள்ளியம்மாள். ஊர் விரிஞ்சிபுரம், வயது முப்பத்தெட்டு. ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில், கைத்தையல் பிரிவில், இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறேன். ஆனால் அங்கே போய் வள்ளியம்மாள் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், அப்படி ஒருத்தியும் இல்லை என்பார்கள். காலையில் கேட்டில் இருக்கும் மிஷினில் நான் பெருவிரலை வைத்தால் திரையில் 'பூர்ணிமா' என்று வரும். பூர்ணிமா என் அக்கா. ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். எங்கள் கம்பெனி வாசலை ஒரு நாளும் மிதித்ததில்லை.

இது நடந்தது எனக்குப் பதினாறு வயதில். பதினெட்டு ஆகாதவர்களை எடுக்க மாட்டோம் என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் திரும்பி நடந்தபோது, டைம் கீப்பராக உட்கார்ந்திருந்தவர் கூப்பிட்டார். "இங்க பாரும்மா, வூட்ல பெரிய பொண்ணு யார்னா இருக்குதா? அது ஸ்கூல் சர்டிபிகேட்ட எடுத்துனு வா. நாளைக்கே சேத்துக்கறேன்" என்றார். அக்காவுக்கு அந்த மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அவள் சர்டிபிகேட் டிரங்குப் பெட்டியில் சும்மா கிடந்தது. எடுத்துக்கொண்டு போனேன். அந்த டைம் கீப்பர் வேறு யாருமல்ல, இந்த ராமமூர்த்தி சார்தான். இன்றைக்கு எச்.ஆர். மேனேஜர், கண்ணாடி அறை, சுழல் நாற்காலி.

அன்றிலிருந்து நான் பூர்ணிமா. தணிக்கைக்கு வெளி ஆட்கள் வந்து கேட்டால் அக்கா பிறந்த தேதியைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். ஆதாரை இணைக்கச் சொன்ன வருஷம், அக்கா ஆதாரையே கொடுத்தோம். அவள் போனுக்கு வந்த நம்பரை அவள் சொல்ல, நான் இங்கே ஒப்பித்தேன். தப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தைத்தது என் கை.

எங்கள் பிரிவில் ஒவ்வொரு ஜோடி ஷூவுக்கும் ஒரு சீட்டு உண்டு. மூக்குப் பகுதியில் தோலைச் சுருக்கிச் சுருக்கி, இரண்டு ஊசி போட்டு, மெழுகு நூலால் கையால் தைப்போம். தைத்தவள் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெயர் ரோலில், அதாவது கம்பெனி ஆட்கள் பட்டியலில், இருந்தால்தான் ஜோடி பேக்கிங்குக்குப் போகும். தையல் எங்காவது பிரிந்தால், யார் தைத்தது என்று வாங்குகிற ஜெர்மனிக்காரர்கள் அங்கிருந்தே கேட்பார்கள்.

அப்படித்தான் அந்த ஜெர்மனி கம்பெனியின் ஊர்சுலா அம்மா என்னைக் கண்டுபிடித்தாள். ஒரு வருஷம் பூராவும் ஒரு புகார்கூட வராத ஜோடிகளை எடுத்து அடுக்கியிருக்கிறாள். எல்லாச் சீட்டிலும் ஒரே கையெழுத்து. போன தை மாதம் இங்கே வந்தபோது என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு இரண்டு மணி நேரம் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய் ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. அவர்கள் சாம்பிள் அறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சுருக்குத் தையலைச் சொல்லிக்கொடுக்க, பூர்ணிமா இரண்டு வாரம் ஜெர்மனிக்கு வர வேண்டும், செலவெல்லாம் அவர்களுடையது.

எங்கள் லைனில் பதினெட்டுப் பெண்கள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கோ அந்தக் கடிதத்தில் அக்கா பெயர்தான் கண்ணில் பட்டது.

கண்ணாடி அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, ராமமூர்த்தி சார் குரலைத் தாழ்த்தினார். "பேஜாரே வேணாம்மா. உங்க அக்கா பேர்ல பாஸ்போர்ட் எடுத்துடு. ரெண்டு பேரும் ஒரே ஜாடைதானே."

"பாஸ்போர்ட்டுக்கு கை ரேகை வெக்கணுமே சார்."

"அங்க உங்க அக்காவ அனுப்பு."

"விசாவுக்கும் ரேகை வெக்கணுமாமே?"

"அதுக்கும் அவங்களையே அனுப்பு."

"அப்ப ஜெர்மனிக்கும் அவளையே அனுப்பிடலாம் சார். போய் அவளே ஊசி குத்தட்டும். அவளுக்கு ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைக்கவே வராது."

அவர் சிரிக்கவில்லை. "இன்னா பேசற நீ? இது ஒண்ணுதான் வழி. இல்லன்னா செந்தில்குமார அனுப்பிடுவேன்" என்றார். செந்தில்குமார் எங்கள் சூப்பர்வைசர். நல்ல பையன், ஆனால் ஊசியில் நூல் கோக்க எங்களைத்தான் கூப்பிடுவான்.

வீறாப்பாகப் பேசிவிட்டேனே தவிர, ஞாயிற்றுக்கிழமை ஜோலார்பேட்டைக்கு ரயில் ஏறினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆசை விடவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி. அக்காவிடம் கெஞ்சிக் கேட்டுவிடுவது, அவள் பெயரிலேயே போய் வந்துவிடுவது என்றுதான் போனேன்.

அக்கா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. பிறகு அரிவாள்மணையை மடக்கி ஓரமாக வைத்தாள்.

"தர மாட்டேன்டி" என்றாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. "இன்னாக்கா, இத்தினி வருஷம் குடுத்த, இப்ப மட்டும் இன்னா வந்துச்சு?"

"போன வருஷம் இங்க ஒரு பனியன் கம்பெனில பேக்கிங் வேலைக்குப் போனேன், தெரியுமா உனக்கு? பசங்க ரெண்டும் வெளியூர் போய்ட்டாங்க, நாலு சுவத்தப் பாத்துனு எத்தினி நாள் குந்தினு இருக்கறதுன்னு போனேன். ஆதார் குடுத்தேன். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரப் பாத்துட்டு, நீங்க ஏற்கெனவே ஆம்பூர்ல வேலை செய்றீங்களே, அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்கன்னு கேக்குது. சுத்தி அத்தினி பேர் பாக்கறாங்க. திருடி மாதிரி எழுந்து வந்தேன்."

"எங்கிட்ட சொல்லவேயில்லியேக்கா."

"சொன்னா உன் வேலை போய்டுமேன்னு வாய மூடினு இருந்தேன். எங்கயும் வேலைக்குப் போவாம இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ் போட்டவ ஊர்லயே நான் ஒருத்திதான். போதும்டி வள்ளி. எம் பேர எனக்குத் திருப்பிக் குடு. நீ உம் பேர்ல போ."

அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று மறுபடி அரிவாள்மணையை விரித்தாள். சாப்பிடும்போது இருவரும் முடிவு செய்தோம். என் பெயரில் போக முடிந்தால் போவேன், முடியாவிட்டால் ஜெர்மனி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

என் ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சர்டிபிகேட் எல்லாம் சரியாக வள்ளியம்மாள் பெயரில் இருந்தன. வீட்டில் நான் எப்போதும் வள்ளியம்மாள்தானே. என் வீட்டுக்காரர் மதியழகன் லாரி ஓட்டுபவர். லோடு இல்லாத நாளில் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப் போய் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டார். வேலூர் தபால் ஆபீஸில் இருக்கும் பாஸ்போர்ட் சென்டரில் தேதி கிடைத்தது. பட்டுப்புடவை கட்டாத குறையாகப் போனேன்.

கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "பேர் சொல்லுங்கம்மா" என்றார்.

"பூர்ணிமா" என்றேன்.

பாழாய்ப்போன வாய்! யோசிப்பதற்கு முன்னால் அதுவே சொல்லிவிட்டது. அவர் மனுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்க வள்ளியம்மாள்னு இருக்குது?"

"நான் வள்ளியம்மாள்தான் சார். பூர்ணிமா எங்க அக்கா. வேலை செய்ற எடத்துல அந்தப் பேர்ல கூப்புடுவாங்க, வாய் பழகிப்போச்சு."

அவர் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பேனாவை வைத்தேன். கை சரசரவென்று 'பூர்' என்று இழுத்துவிட்டது. "வேற தாள் குடுங்க சார்" என்றேன். நல்ல மனிதர், கொடுத்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக என் பெயரை எழுதினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். கொட்டட்டும்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க எனக்கு ஒரே வேலை. கழிவுத் தோல் துண்டுகளை எடுத்து, குறி போடும் வெள்ளிப் பேனாவால் வள்ளியம்மாள், வள்ளியம்மாள் என்று கையெழுத்துப் போட்டுப் பழகினேன். பக்கத்தில் உட்கார்ந்து தைக்கும் முனவ்வர் பேகம் நான்காம் நாள் கேட்டுவிட்டாள். "அக்கா, யார் அது வள்ளியம்மாள்? உங்களுக்கு நாத்தனாரா?"

"நான்தான்டி."

அவள் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தோல் துண்டை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அந்த எழுத்துகளை விரலால் தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

போலீஸ் விசாரணைக்குக் கான்ஸ்டபிள் வீட்டுக்கு வந்த நாளும் ஒரு கூத்து. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, இவர் வள்ளியம்மாள்தானா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். தெருமுனையில் கம்பெனி வேன் வந்து நின்றது. டிரைவர் ஆரனை அழுத்திக்கொண்டே, "பூர்ணிமா! ஏ பூர்ணிமா! டைம் ஆவுது!" என்று கத்துகிறான். கான்ஸ்டபிள் எழுதுவதை நிறுத்தினார்.

"யாரும்மா பூர்ணிமா?"

எதிர்வீட்டு அம்மா தன் வாசலில் நின்றபடியே முந்திக்கொண்டார். "அது கம்பெனில வெச்ச பேருங்க. நாங்க இவள பொறந்ததுலேர்ந்து பாக்கறோம், இவ வள்ளிதான்." கான்ஸ்டபிள் அதை எழுதிக்கொண்டு என்னிடம் கையெழுத்து வாங்கினார். இந்தத் தடவை கை தடுமாறவில்லை.

மூன்று வாரத்தில் பாஸ்போர்ட் தபாலில் வந்தது. நேரே கண்ணாடி அறைக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தேன். ராமமூர்த்தி சார் பிரித்துப் பார்த்தார். முகம் கறுத்தது.

"இன்னா காரியம் பண்ணிட்டு வந்துருக்க? இந்தப் பேர்ல இந்தக் கம்பெனில எவளும் கெடையாது. நான் எப்டி லெட்டர் குடுக்கறது?"

"இருக்கறா சார். உங்க எதிர்லதான் நிக்கறா."

"ஆடிட்ல மாட்டினா ஆர்டரே போய்டும், தெரியுதா? இத்தினி பேர் வேலை. செந்தில்குமார் போவட்டும். நீ உடம்பு சரியில்லன்னு எழுதிக் குடுத்துட்டு, இந்தப் பாஸ்போர்ட்ட பொட்டில வெச்சுப் பூட்டிடு."

"மாட்டேன் சார்."

அவர் எழுந்துவிட்டார். "பொய் சர்டிபிகேட் குடுத்து வேலைக்குச் சேந்தன்னு போலீஸ்ல கேஸ் போட்டா இன்னா ஆவும் தெரியுமா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "போடுங்க சார். தாராளமா போடுங்க. பதினாறு வயசுப் பொண்ண கேட்லேர்ந்து திருப்பிக் கூப்பிட்டு, அக்கா சர்டிபிகேட்ட எடுத்துனு வான்னு சொன்னது யாருன்னு அவங்க கேப்பாங்க இல்ல? அதுக்கு நான் பதில் சொல்லணும் இல்ல?"

அவர் உட்கார்ந்தார். பாஸ்போர்ட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "போய் வேலையப் பாரு" என்றார்.

போய் வேலையைப் பார்த்தேன். முதல் ஜோடியைத் தைத்து முடித்ததும் சீட்டில் கையெழுத்துப் போட்டேன். வள்ளியம்மாள். இரண்டாவது ஜோடி, வள்ளியம்மாள். பதினொரு மணிக்குச் செந்தில்குமார் கை நிறையச் சீட்டோடு ஓடி வந்தான்.

"பேக்கிங்ல திருப்பி அனுப்பிட்டாங்கக்கா. இந்தப் பேர் ரோல்ல இல்லியாம். யார் இந்த வள்ளியம்மாள்?"

"நான்தான்" என்று சத்தமாகச் சொன்னேன். லைனில் அத்தனை பேர் ஊசியும் நின்றன. "எம் பேர் வள்ளியம்மாள். பூர்ணிமா எங்க அக்கா. அவ சர்டிபிகேட்ல நான் சேந்தேன். இனிமே நான் தெச்சா எம் பேர்தான் போடுவேன்."

"வெள்ளிக்கெழம கன்டெய்னர் போவணும்க்கா! பழைய மாதிரியே போட்டுக் குடுத்துடுங்க, இல்லன்னா நானே போட்டுக்கறேன்."

"போட்டுக்கோ தம்பி. அடுத்த தடவ ஊர்சுலா அம்மா வந்தா, உன் கையெழுத்தையும் என் கையெழுத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்றேன்."

அவன் கையிலிருந்த சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்கும் பயம்தான், பொய் சொல்வானேன். இவ்வளவு வருஷ வேலை இன்று சாயங்காலத்தோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன். மதியழகனுக்கு என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்போது பக்கத்தில் முனவ்வர் பேகம் தன் ஜோடியை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சீட்டை எடுத்தாள். நிதானமாக ஒரு பெயர் எழுதி, அதைச் செந்தில்குமாரிடம் நீட்டினாள். அவன் வாங்கிப் படித்தான்.

"சைராவா? யாருக்கா சைரா?"

"நான்தான். முனவ்வர் எங்க காலா பொண்ணு, சித்தி மவ. அவ கல்யாணமாகி சவூதிக்குப் போய்ட்டா, நான் இங்க அவளா குந்தினு இருக்கேன். பதிமூணு வருஷம் ஆச்சு."

பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி சீட்டை நீட்டினாள். நெமிலிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், சர்டிபிகேட் இல்லாததால் செத்துப்போன தங்கையின் பெயரில் சேர்ந்தவள். அதற்குப் பின்னால் இன்னொருத்தி. செந்தில்குமார் கையில் சீட்டுகள் சேர்ந்துகொண்டே போயின. சாயங்காலத்துக்குள் ஏழு பேர். ரோலில் இல்லாத ஏழு பெயர்கள், பேக்கிங்குக்குப் போகாத நூற்று நாற்பது ஜோடி. வருஷக்கணக்காக ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம், ஒருத்தி கதை ஒருத்திக்குத் தெரியாது. அடிப் பாவிகளா!

மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மத்தியானம் முதலாளியே கண்ணாடி அறைக்கு வந்து எங்கள் ஏழு பேரையும் கூப்பிட்டார். ராமமூர்த்தி சார் சுவரோரம் நின்றிருந்தார், நாற்காலியில் உட்காரவில்லை. முதலாளி கத்தினார், கையைக் கையை ஆட்டினார், எங்களை நன்றி கெட்டவர்கள் என்றார். நான் குறுக்கே பேசினேன்.

"நீங்க வேலைய வுட்டு எடுத்தாலும் சரி சார். ஆனா எடுக்கற லெட்டர்லயும் எம் பேர் வள்ளியம்மாள்னு போடணும். பூர்ணிமாவ எடுத்தா செல்லாது, அவ இங்க வேலையே செய்யல."

முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக, அடுக்கிக் கிடந்த ஜோடிகளைப் பார்த்தார். "வக்கீலக் கூப்புடுங்க ராமமூர்த்தி" என்றார்.

வக்கீல் வந்து பேசியபின், யாரையும் வேலையை விட்டு எடுக்காமல் அவரவர் பெயரில் ரோலை மாற்றுவது என்று முடிவாயிற்று. அக்காவும் நானும் நோட்டரி முன்னால் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கம்பெனி தன் தப்பையும் சேர்த்து எழுதிக் கொடுத்தது. வாங்குகிறவர்களுக்குத் தகவல் போயிற்று. ஊர்சுலா அம்மா எங்கள் ஏழு பேரிடமும் வீடியோவில் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டாள், கம்பெனியையும் நன்றாகக் காய்ச்சினாளாம். இரண்டு நாளில் புது அழைப்புக் கடிதம் வந்தது, என் பெயரில். பி.எஃப். மட்டும் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. பழைய சர்வீஸில் எவ்வளவு நிற்கும் என்று வக்கீலுக்கே தெரியவில்லை. போனால் போகட்டும் என்று சொல்ல மாட்டேன். அதற்கும் ஒரு நாள் அந்த ஆபீஸில் போய் உட்காரத்தான் போகிறேன். அக்கா இப்போது பனியன் கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். சேர்ந்த அன்று அடையாள அட்டையைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள்.

சென்னையில் விசா சென்டருக்குப் போன அன்று அக்காதான் துணைக்கு வந்தாள். ஒன்பது காகிதங்களோடு பத்தாவதாக நோட்டரி பத்திரமும் கோப்பில் இருந்தது. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் வயதில் பாதிகூட இருக்காது. ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பத்திரத்தைப் படித்துவிட்டு, "இது எதுக்குமா? இதப் பாத்து கான்சுலேட்காரங்க சந்தேகப்பட்டாலும் படுவாங்க, யோசிச்சுக்கோங்க" என்றாள்.

"படட்டும்மா. கேட்டா சொல்றேன்."

"பேர்?"

"வள்ளியம்மாள்."

வாய் சரியாகச் சொன்னது. கையெழுத்துக் கேட்டாள், போட்டேன். பாஸ்போர்ட்டில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையசைத்தாள். விசா கொடுப்பார்களோ மாட்டார்களோ, இரண்டு வாரத்தில் தெரியும் என்றாள். பிறகு விரல் மிஷினைக் காட்டினாள். நான்கு விரலையும் கண்ணாடியில் வைத்தேன். எதிரே இருந்த திரையில் என் போட்டோ, அதன் கீழே பெரிய ஆங்கில எழுத்தில் என் பெயர். அக்கா பின்னாலிருந்து எட்டி, எழுத்துக் கூட்டி, சத்தமாகப் படித்தாள். செக்யூரிட்டி வந்து அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"போதும்மா, பதிவாயிடுச்சு. கைய எடுங்க" என்றாள் கவுண்டர் பெண்.

"இரும்மா" என்றேன். "இருபத்திரண்டு வருஷம் இந்தக் கைய வெச்சா எங்க அக்கா பேர்தான் வரும். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்."